2011 ஹோண்டா சிட்டி 5-ஸ்பீடு ஆட்டோமேட்டிக்: கியர்பாக்ஸ் ஆயில் வீட்டிலேயே மாத்தலாமா?

#1 வடவள்ளி_சிட்டி

வண்டி 2011 ஹோண்டா சிட்டி, 1.5 பெட்ரோல், 5-ஸ்பீடு ஆட்டோமேட்டிக். 92,000 கி.மீ. ஓடியிருக்கு. கியர்பாக்ஸ் ஆயில் மாத்தினதா சர்வீஸ் புத்தகத்துல எங்கேயும் பதிவு இல்ல.

45-லேர்ந்து 55 கி.மீ. வேகத்துல ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சுட்டுப் போகும்போது மட்டும் ஒரு நடுக்கம் வருது. வேகத்தடைக்கு முன்னாடி வரிசையா போட்டிருப்பாங்களே தடிமனான வெள்ளைக் கோடு, அதுமேல ஓடுற மாதிரி ரெண்டு மூணு விநாடி இருந்துட்டுப் போயிடும். டி-யிலயோ ரிவர்ஸ்லயோ போட்டா உடனே பிடிக்குது. கியர் மாறும்போது ஆர்பிஎம் தனியா எகிறல. டிப்ஸ்டிக்ல ஆயில் பழுப்பு நிறம், தீய்ஞ்ச வாடை இல்ல.

ரெண்டு ரேம்ப், ரெண்டு ஆக்ஸில் ஸ்டாண்ட், டார்க் ரென்ச் கைவசம் இருக்கு. இன்ஜின் ஆயில் வீட்டிலதான் மாத்தறது. எந்த ஆயில், எத்தனை லிட்டர் வாங்கணும்? ஒரே தடவையில முழுசா மாத்த முடியுமா? இத்தனை கி.மீ.க்கு மேல புது ஆயில் ஊத்தினா கியர்பாக்ஸ் போயிடும்னு சொல்றாங்களே, அது நிஜமா?

#2 கியர்பெட்டி

ஆயில் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. நடுக்கம் வரும் அதே வேகத்தில், காலியான ரோட்டில், ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக் பெடலைத் தொட்டும் தொடாமலும் அழுத்துங்கள். பின்னால் வண்டி எதுவும் வரக்கூடாது. பிரேக் லைட் எரியும் அளவு போதும், வண்டி வேகம் குறைய வேண்டாம். பிரேக் சுவிட்சின் சிக்னல் போனதும் டார்க் கன்வெர்ட்டருக்குள் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) இருக்கும், இரண்டையும் நேராகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்ச் விடுபடும். அந்த நொடியில் நடுக்கம் நின்றால் குற்றவாளி லாக்-அப் கிளட்ச். நிற்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பக்கம் பாருங்கள். இன்ஜின் மிஸ்ஃபயரும் குறைந்த ஆர்பிஎம்மில் இதே மாதிரிதான் தெரியும். அதற்கு எத்தனை லிட்டர் ஆயில் மாற்றினாலும் பலன் இல்லை.

லாக்-அப் என்றால் ஆயில் மாற்றுவதில் நல்ல நம்பிக்கை உண்டு. கிளட்ச் தகடு வழுக்கிக்கொண்டே பிடிக்கும்போது அதிராமல் பிடிக்கச் செய்வது ஆயிலில் கலந்திருக்கும் உராய்வுச் சேர்மானங்கள். வெப்பத்தில் முதலில் தேய்ந்துபோவதும் அவைதான். பிடி, வழுக்கு, பிடி, வழுக்கு என்று நொடிக்குப் பல முறை நடப்பதைத்தான் நீங்கள் நடுக்கமாக உணர்கிறீர்கள்.

ஆயில் விஷயத்தில் பேரம் பேசாதீர்கள். இந்த கியர்பாக்ஸ் வந்த காலத்தில் ஹோண்டா ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) இசட்-1 போட்டது. அதன் இடத்தில் வந்தது ஏடிஎஃப் டிடபிள்யூ-1. இசட்-1 கேட்ட பழைய வண்டிக்கும் இதுவே ஊற்றலாம், இரண்டும் கலந்தாலும் பிரச்சினை இல்லை. 2014-ல் வந்த சிட்டி ஆட்டோமேட்டிக், தனித்தனி கியர் இல்லாத சிவிடி. அதற்கு எச்சிஎஃப்-2 என்ற வேறு ஆயில். கடையில் "சிட்டி ஆட்டோமேட்டிக்" என்று மட்டும் சொன்னால் எச்சிஎஃப்-2 கையில் வந்துவிடலாம். கேனில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள். சிவப்பாக இருக்கிறது என்பதற்காக பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ, டெக்ஸ்ரான் 3 என்று எழுதிய கேனையோ ஊற்றவே கூடாது. டெக்ஸ்ரான் 3-க்கான உரிமத்தை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரோடு வருவதன் தரத்துக்கு அந்த நிறுவனம் பொறுப்பில்லை.

#3 ஆயில்கேன்_சேலம்

அளவு நான் சொல்றேன். வடிச்சா 2.4, 2.5 லிட்டர் வரும். மொத்தம் உள்ள இருக்கறது 6 லிட்டருக்குப் பக்கம். மிச்சமெல்லாம் டார்க் கன்வெர்ட்டர், கிளட்ச் டிரம், வால்வ் பாடி (ஆயிலை கிளட்சுகளுக்குப் பிரிச்சு விடற பகுதி), கூலர் பைப்ல தங்கிடும். பிளக்கைக் கழட்டினா வராது. அதனால ஒரே தடவையில முழுசா மாத்தறதுங்கறது கிடையாது.

கணக்கு இதுதான். 2.5 லிட்டர் மாத்தினா உள்ள புதுசு 42 சதவீதம். ரெண்டாவது தடவை 66. மூணாவது தடவை 80. நாலாவதுக்கு 88. மூணுக்கு மேல போறதுல செலவுக்கு ஏத்த பலன் இல்ல. 8 லிட்டர் வாங்குங்க, அரை லிட்டர் மிஞ்சும். அது பின்னாடி லெவல் சரிபண்ண உதவும்.

நடுவுல எவ்வளவு ஓட்டணும்னு அடுத்து கேப்பீங்க. கலக்கறதுக்கு 15, 20 கி.மீ. போதும், எல்லா கியரும், ரிவர்ஸும் ஒரு தடவை போட்டிருக்கணும். அவசரம் இல்லன்னா 500 கி.மீ. விட்டுச் செய்யுங்க, தடவைக்குத் தடவை நடுக்கம் எப்படி மாறுதுன்னு தெரியும்.

#4 கியர்பெட்டி

வேலை முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதல் முறை செய்பவர் தடுமாறும் இடங்கள் நாலைந்து உண்டு.

முதல் வேலை, வடிப்பதற்கு முன்பே இப்போதைய லெவலைப் பார்த்து எழுதி வைப்பது. சமதளத்தில் நிறுத்தி, ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை இன்ஜின் சூடாகட்டும். அணைத்த பிறகு 60 விநாடியிலிருந்து 90 விநாடிக்குள் டிப்ஸ்டிக்கை எடுத்து, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பார்ப்பது வேறு கம்பெனி வண்டிகளின் முறை; ஹோண்டாவில் அணைத்த பிறகுதான். அதிலும் ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் இறங்கி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

வடிக்கும்போது ஆயில் வெதுவெதுப்பாக இருக்கட்டும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அது 80, 90 டிகிரி இருக்கும், கையில் பட்டால் தோல் போய்விடும். ஓட்டிவிட்டு ஒரு மணி நேரம் ஆறவிட்டால் சரியாக இருக்கும். ரேம்ப் மேல் ஏற்றி, பி-யில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

இந்த வண்டியில் கியர்பாக்ஸ் இடது பக்கம், பேட்டரிக்குக் கீழே. அதன் டிரெயின் பிளக்கில் 3/8 அங்குல சதுரக் குழி இருக்கும். ரேட்செட்டின் முனையே நேராக உள்ளே போகும், சாக்கெட் வேண்டாம். இன்ஜின் ஆயில் பிளக் 17 மி.மீ. அறுகோணத் தலை. இந்த இரண்டையும் மாற்றிப் பிடிப்பதுதான் மிகப் பெரிய தவறு: கியர்பாக்ஸை வடித்துவிட்டு இன்ஜினில் நாலு லிட்டர் ஊற்றினால், இன்ஜினில் இரட்டை ஆயில், கியர்பாக்ஸில் இரண்டரை லிட்டர் குறைவு. வடிவது சிவப்போ பழுப்போ கலந்து, இன்ஜின் ஆயிலைவிடத் தண்ணியாக ஓடும். சந்தேகம் வந்தால் உடனே பிளக்கை மூடுங்கள்.

சதுரக் குழிக்குள் மண் அடைந்திருக்கும். கம்பியால் சுரண்டி, பிரேக் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்த பிறகே முனையை முழுதாக உள்ளே தள்ளுங்கள். பாதி நுழைந்த நிலையில் அழுத்தினால் குழி உருண்டுவிடும். சின்ன ரேட்செட்டைவிட நீளமான பிரேக்கர் பார் நல்லது.

அளவு போட்ட தட்டிலோ, காலி ஐந்து லிட்டர் தண்ணீர் கேனிலோ பிடித்து, வந்தது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிளக்கின் முனையில் காந்தம் உண்டு. அதில் சாம்பல் நிறத்தில் பேஸ்ட் மாதிரி படிந்திருந்தால் அது சாதாரணத் தேய்மானம், துடைத்துவிடலாம். விரலால் தேய்க்கும்போது நெருநெருவென்று துகளோ, கண்ணுக்குத் தெரியும் சீவலோ இருந்தால் அது வேறு கதை. ஆயில் மாற்றுவதை அத்தோடு நிறுத்தி, கியர்பாக்ஸ் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பிளக்குக்குப் புது அலுமினிய வாஷர், 18 மி.மீ. மூன்று முறை வடிப்பதால் மூன்று வாஷர். பழையதில் ஒன்று பிளக்கிலோ கேஸிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் மேலே புதுசு போட்டால் இரண்டு வாஷராகி ஒழுகும். இறுக்கம் 49 நியூட்டன் மீட்டர். கேஸ் அலுமினியம், "இன்னும் ஒரு அழுத்து" என்ற பழக்கம் இங்கே உதவாது.

ஊற்றுவது டிப்ஸ்டிக் குழாய் வழியாக. ஒரு மீட்டர் நீளத்துக்கு மெல்லிய ஹோஸ் மாட்டிய புனல் வேண்டும். வேகமாக ஊற்றினால் காற்று அடைத்துப் பொங்கும், 2.3 லிட்டருக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம். அதன் நூல் ஒன்று உள்ளே போனால் வால்வ் பாடியில் மாட்டும். நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணியோ, பேப்பர் டவலோ போதும்.

ஊற்றியதும் இன்ஜினை ஓட்டி, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் மூன்று விநாடி நிறுத்தி இரண்டு சுற்று. பிறகு கீழே இறக்கி, சூடாக்கி, முதலில் சொன்ன முறையில் லெவல்.

#5 திருப்பூர்_டார்க்

இத்தனை தடவை வடிக்கறதுக்கு பதிலா மெஷின் ஃப்ளஷ் ஒரே தடவையில செஞ்சுடலாமே? கூலர் பைப்ல மாட்டினா பழசு வெளிய, புதுசு உள்ள. 95 சதவீதம் மாறிடும்.

#6 ஆயில்கேன்_சேலம்

மெஷின்ல ரெண்டு வகை இருக்குண்ணா. கியர்பாக்ஸோட சொந்த பம்ப் தள்றதை மட்டும் வாங்கிட்டு, அதே அளவு புதுசு விடறது ஒண்ணு. அதுல தப்பு இல்ல. தன்னோட பம்ப்ல அழுத்தம் கொடுத்து, கிளீனிங் திரவமும் கலந்து தள்றது இன்னொண்ணு. ஹோண்டாவோட வடிகட்டி கேஸுக்கு உள்ள. கேஸைப் பிரிக்காம மாத்த முடியாது. அடியில வருஷக்கணக்கா தங்கின தூளைக் கிளப்பி விட்டா அது போய் உக்கார்ற இடம் அந்த வடிகட்டியும், ஆயில் வழியைத் திறந்து மூடற சோலினாய்டோட வலையும்தான். கிளீனர் ஒரு துளி மிச்சமிருந்தாலும் புது ஆயிலோட உராய்வு குணம் கெடும்.

மெஷின் வச்சிருக்கற இடத்துல முதல்ல கேக்க வேண்டியது, இதுக்கு முன்னாடி அதுல எந்த ஆயில் ஓடுச்சுன்னு. ஹோஸுக்குள்ள அரை லிட்டர் வேற ஆயில் இருந்தா அதுவும் உங்க வண்டிக்குள்ளதான் போகும். 92 ஆயிரம் வரை மாத்தாத பெட்டிக்கு மூணு தடவை வடிக்கறதுதான் நிதானம்.

#7 நாலாம்பல்லு

முதல் பதிவில் கேட்ட மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. "புது ஆயில் ஊற்றினால் பெட்டி போய்விடும்" என்பது பாதி உண்மையிலிருந்து வந்த பயம். பெரும்பாலானோர் ஆயில் மாற்ற நினைப்பதே கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான். அப்போது கிளட்ச் தகட்டின் உராய்வுக் காகிதம் ஏற்கெனவே தேய்ந்து ஆயிலில் மிதக்கிறது. அந்தத் தூளை வடித்துவிட்டுத் தூய ஆயில் ஊற்றியதும் மிச்ச மீதிப் பிடிப்பும் போகிறது. பழி ஆயில் மேல் விழுகிறது.

ஆகவே அடையாளம் இது. கியர் மாறும்போது வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறுவது, டி-யில் போட்டு இரண்டு விநாடி கழித்துப் பிடிப்பது, ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை: இவை இருந்தால் ஆயில் மாற்றுவது மருந்தல்ல, கிளட்ச் வேலை. இவை எதுவும் இல்லாமல் லாக்-அப் நடுக்கம் மட்டும் இருந்தால் தாராளமாக மாற்றலாம். இந்த வண்டி இரண்டாவது வகை.

ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சில கம்பெனிகள் சொல்வதையும் கையேட்டோடு சேர்த்துப் படியுங்கள். ஹுண்டாய் கையேட்டில் கடின உபயோகத்துக்குத் தனி அட்டவணை உண்டு. 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசலான சாலையில் ஓட்டுவது அதில் ஒரு காரணம். நம் ஊரில் அது விதிவிலக்கு அல்ல, மார்ச் முதல் அக்டோபர் வரை தினசரி. அதோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை டி-யிலேயே ஏறினால் கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வழுக்கல் முழுவதும் வெப்பமாக ஆயிலில் இறங்கும். மலையேறும்போது ஸ்டீயரிங்கில் உள்ள பேடில் சுவிட்சால் 2-வது கியரிலேயே பிடித்து வைப்பது ஆயிலுக்குச் செய்யும் பெரிய உதவி. நம் வெயிலுக்கு 40,000 கி.மீ.க்கு ஒரு முறை ஒரு வடிப்பு என்று வைத்துக்கொண்டால் இந்த மூன்று தடவை வேலை மறுபடி வராது.

#8 மதுரை_ஆக்டேன்

எங்க வீட்டு வண்டி ஹுண்டாய் எலன்ட்ரா, 6-ஸ்பீடு ஆட்டோமேட்டிக். டிப்ஸ்டிக்கே இல்ல. இதே முறையில செய்யலாமா?

#9 நாலாம்பல்லு

வடிப்பது ஒன்றுதான், லெவல் பார்ப்பது முற்றிலும் வேறு. ஆயில் எஸ்பி-4. மேலே ஊற்றுவதற்கு ஐபோல்ட் என்று ஒரு போல்ட் இருக்கும். டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன் அது கழல்கிறதா என்று பாருங்கள். வடித்து முடித்த பிறகு அது இறுகிக்கொண்டால் வண்டி அங்கேயே நிற்கும்.

வடிந்த அளவை ஊற்றி, அதற்கு மேல் 700 மி.லி. கூடுதலாக விடுங்கள். இன்ஜினை ஓட்டி, பி-யிலிருந்து டி, டி-யிலிருந்து பி என்று மெதுவாக இரண்டு முறை, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு விநாடிக்கு மேல். ஆயில் வெப்பம் 50-லிருந்து 60 டிகிரிக்குள் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில், அடியில் உள்ள லெவல் பிளக்கைத் திறக்க வேண்டும். அதிகமிருப்பது வழிந்து, மெல்லிய நூலாகக் குறைந்ததும் பிளக்கை மூடுங்கள். வழியவே இல்லை என்றால் ஆயில் குறைவு. இன்னும் ஊற்றித்தான் ஆக வேண்டும். டிரெயின் பிளக், லெவல் பிளக் இரண்டுக்கும் புது வாஷர், 35-லிருந்து 44 நியூட்டன் மீட்டர். ஐபோல்ட் அவ்வளவு தாங்காது, 5-லிருந்து 7 மட்டும்.

வெப்பத்தைக் கை வைத்துச் சொல்ல முடியாது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் கியர்பாக்ஸ் ஆயில் வெப்பம் தெரிய வேண்டும். விலை குறைந்த சில அடாப்டர்கள் இன்ஜின் கூலன்ட் வெப்பத்தை மட்டுமே காட்டும். இதில் ஏன் இவ்வளவு கறார்? 7 லிட்டர் ஆயில் 30 டிகிரியிலிருந்து 80-க்குப் போனால் கால் லிட்டருக்கு மேல் பெருகும். 80 டிகிரியில் திறந்தால் வழியக் கூடாததும் வழிந்துவிடும், ஆறியபின் ஆயில் குறைவு. 30 டிகிரியில் பார்த்தால் நேர்மாறு.

இன்னொன்று, நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இன்ஜின் ஓடும் வண்டிக்கு அடியில் நீங்கள் இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் ரேம்பில் ஏற்றிச் செய்யும் வேலை அல்ல. குழி உள்ள ஷெட்டோ, நான்கு நல்ல ஸ்டாண்டோ இல்லை என்றால் இந்த வண்டிக்கு வீட்டு வேலை வேண்டாம் என்றே சொல்வேன்.

#10 திருப்பூர்_டார்க்

இதைப் படிக்கறவங்க ஏஎம்டி வண்டிக்கு இதைச் செஞ்சுடாதீங்க. செலெரியோ மாதிரி வண்டியில இருக்கறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிக்கறதுக்கும் கியர் மாத்தறதுக்கும் ஒரு இயந்திரம். அதுக்குக் கியர் ஆயில் வேற. பழைய 1.2 போலோ ஜிடி டிஎஸ்ஐ-ல வந்த 7-ஸ்பீடு டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் ஆட்டோமேட்டிக்) உலர் கிளட்ச். அங்கயும் ஏடிஎஃப் கணக்கு பொருந்தாது.

#11 ஆயில்கேன்_சேலம்

வெள்ளத்துல நின்ன வண்டியா இருந்தா ஒரு எச்சரிக்கை. சென்னையில 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் தண்ணியில நின்ன வண்டிங்க நிறைய கைமாறியிருக்கு. கியர்பாக்ஸுக்கு மேல ஒரு மூச்சுக்குழாய் இருக்கும், தண்ணி அது வழியா இறங்கும். ரேடியேட்டருக்குள்ள இருக்கற ஏடிஎஃப் கூலர் ஓட்டையானாலும் கூலன்ட் கலக்கும். ரெண்டுலயும் ஆயில் ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் நிறத்துல கலங்கியிருக்கும். கிளட்ச் தகட்டுல ஒட்டியிருக்கறது காகித வகை. தண்ணி பட்டா ஊறும், பசை விடும். அப்படி நிறம் பார்த்தா இன்ஜினை ஓட்டாதீங்க, இழுத்துட்டுப் போங்க.

#12 வடவள்ளி_சிட்டி

எல்லாருக்கும் நன்றி. பிரேக் சோதனையில நடுக்கம் உடனே நின்னுச்சு, அதனால லாக்-அப்தான். முதல் தடவை வடிச்சாச்சு. வந்தது 2.25 லிட்டர், கருஞ்சிவப்பு. காந்தத்துல பேஸ்ட் மட்டும். புத்தகத்துல போட்டிருந்த 2.5 ஊத்தினேன். இப்போ சூட்டுல பார்த்தா டிப்ஸ்டிக்ல மேல் கோட்டைத் தாண்டி 6 மி.மீ. நிக்குது. வடிக்கறதுக்கு முன்னாடி மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ இருந்துச்சு. இப்படியே ஓட்டலாமா?

#13 கியர்பெட்டி

ஓட்ட வேண்டாம். முன்பக்கம் ரேம்பில் தூக்கி இருந்ததால் கால் லிட்டர் பின்பக்கமாகத் தங்கிவிட்டது. புத்தக அளவு சமதளத்தில் வடிப்பதற்கானது. அதனால்தான் வந்ததைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். ஊற்ற வேண்டியது அதே அளவுதான், பிறகு லெவல் பார்த்து 100 மி.லி. கணக்கில் கூட்டலாம்.

லெவல் மிகுந்தால் சுழலும் கியர்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் காற்று, காற்று அமுங்கும், அழுத்தம் விழுந்து கிளட்ச் வழுக்கும். குறைந்தாலும் முடிவு அதேதான், பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும், திருப்பத்திலும் பிரேக் போடும்போதும் முதலில் தெரியும்.

பிளக்கைத் திறக்காதீர்கள், 50 மி.லி. சிரிஞ்சில் மெல்லிய டியூப் மாட்டி டிப்ஸ்டிக் குழாய் வழியாக 150 மி.லி. எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். டிப்ஸ்டிக்கின் இரு பக்கமும் வேறு வேறு உயரம் காட்டினால் குறைவாகக் காட்டும் பக்கம்தான் சரி. மற்றது குழாய்ச் சுவரில் ஒட்டிய ஆயில்.

#14 வடவள்ளி_சிட்டி

200 மி.லி. எடுத்தேன், இப்போ ரெண்டு கோட்டுக்கும் நடுவுல, மேல் கோட்டை ஒட்டி நிக்குது. 600 கி.மீ. கழிச்சு ரெண்டாவது தடவையும் முடிஞ்சுது: வந்தது 2.3, ஊத்தினது 2.3, லெவல் சரி. நடுக்கம் முழுசா போகல, ஆனா காலையில குளிர்ச்சியா இருக்கும்போது மட்டும்தான் வருது, ஒரு விநாடிக்கு மேல இல்ல. பழைய ஆயில் 4 லிட்டருக்கு மேல கேன்ல இருக்கு, அதை என்ன பண்றது?

#15 ஆயில்கேன்_சேலம்

மூணாவதையும் முடிச்சுட்டு 1,000 கி.மீ. ஓட்டிப் பாருங்க. புது உராய்வுச் சேர்மானம் தகட்டுல படிய நேரம் எடுக்கும். அதுக்கப்புறமும் சூடான நிலையில நடுக்கம் வந்தா லாக்-அப் சோலினாய்டை ஒருத்தர்கிட்ட ஸ்கேன் பண்ணிக் காட்டணும், நாலாவது தடவை வடிக்காதீங்க.

பழைய ஆயிலை சாக்கடையிலயும் மண்ணுலயும் ஊத்தாதீங்க. 2016-ம் வருஷ அபாயக் கழிவு விதிகள்ல பயன்படுத்தின ஆயிலும் வருது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கற மறுசுழற்சிக்காரங்களுக்கு அனுப்பற ஒர்க்‌ஷாப்ல கொடுங்க. இன்ஜின் ஆயிலோட கலந்திருந்தாலும் வாங்கிக்குவாங்க. கூலன்டோ பிரேக் ஆயிலோ பெட்ரோலோ கலந்துட்டா வாங்க மாட்டாங்க, அதனால கேனைத் தனியா மூடி, மேல பேர் எழுதி வைங்க.